பழைய காரில் எது பழையது?

ஒவ்வொரு ஆண்டும் மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில் அண்ணனும் நானும் ஒரு மேசையைப் பிடித்து உட்கார்ந்துவிடுவோம். அவருக்குத் தே தாரிக், எனக்குத் தே-ஓ. நடுவில் அவருடைய கைப்பேசி. அதில் காப்புறுதி நிறுவனங்கள் அனுப்பிய விலைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். தமிழ்நாட்டில் காப்பீடு என்பதைத்தான் இங்கே காப்புறுதி என்கிறோம். டாலரை வெள்ளி என்கிறோம்.

அண்ணன் என் கூடப்பிறந்தவர் இல்லை. கப்பல்பட்டறையில் முப்பது வருடம் வெல்டிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கீழே நிற்கும் அவருடைய வெள்ளைக் கார் 2014-ல் பதிவானது. பன்னிரண்டு வயது. ஊரில் இந்த வயதை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். சிங்கப்பூரில் இது கிழட்டு வண்டி. இங்கே ஏராளமான கார்கள் பத்து வயதுக்குள் கப்பலேறி வேறு நாட்டுக்குப் போய்விடும், இல்லையென்றால் இரும்புக்குப் போய்விடும்.

இந்த முறை அவர் கேட்டது இது: “தம்பி, வண்டிக்கு வயசாக வயசாக விலை இறங்குது. அப்ப காப்புறுதியும் இறங்கணும்ல? இவங்க ஏத்திக்கிட்டே போறாங்க. ரெண்டு கம்பெனி பத்து வயசு தாண்டின வண்டிக்கு ஃபுல் கவர் தரமாட்டோம்னே சொல்லிட்டாங்க. பழைய வண்டி லா, அதுல இன்னும் என்ன இருக்கு?”

அதில் என்ன இருக்கிறது என்பதுதான் சரியான கேள்வி. காப்புறுதி எடுக்கும்போது நாம் ஒரு பொருளுக்குப் பாதுகாப்பு வாங்குவதாக நினைக்கிறோம். பழைய கார் என்பது ஒரே பொருள் இல்லை. அதில் கிழமாகாத ஒன்று இருக்கிறது. நாள்கணக்கில் சீராகக் கரையும் ஒன்று இருக்கிறது. வெயிலிலும் ஈரத்திலும் நம் கண்ணுக்குத் தெரியாமல் உளுத்துப்போகும் ஒன்றும் இருக்கிறது. மூன்றுக்கும் சேர்த்து ஒரே தொகை கேட்பதால்தான் குழப்பம் வருகிறது.

கிழமாகாததிலிருந்து தொடங்குவோம். ஒரு நடுத்தர காரின் எடை ஏறக்குறைய 1,300 கிலோ. அது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதற்குள் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 1,25,000 ஜூல். அதே காரைப் பத்து மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டால் தரையைத் தொடும்போது இருக்கும் ஆற்றலும் ஏறத்தாழ அதுதான். நம்முடைய வீவக அடுக்குமாடி புளோக்கில் மூன்றாம் மாடிக்கும் மேலே. வேகம் 60 ஆனால் உயரம் 14 மீட்டர், ஐந்து மாடி. மணிக்குப் பத்து கிலோமீட்டர் கூடியதற்கு நான்கு மீட்டர் கூடிவிட்டது, ஏனென்றால் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. அந்தக் கணக்கில் காரின் பதிவு ஆண்டு எங்கேயும் வரவில்லை. சிராங்கூன் சாலையில் கூட்டமான ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒருவர் மேல் மோதுவது ஷோரூமிலிருந்து நேற்று வந்த கார் என்றாலும் பன்னிரண்டு வயதுக் கார் என்றாலும் எலும்புக்கு ஒன்றுதான். ஆஸ்பத்திரிச் செலவும் ஒன்றுதான்.

சட்டம் கட்டாயமாக்கியிருப்பது இந்தப் பகுதியை மட்டும்தான். மூன்றாம் தரப்பு அபாயங்களுக்கும் இழப்பீட்டுக்குமான 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அடுத்தவருக்கு ஏற்படும் காயத்துக்கும் மரணத்துக்கும் காப்புறுதி இல்லாமல் சிங்கப்பூரில் வண்டியைச் சாலையில் இறக்க முடியாது. மீறினால் 1,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அதோடு பன்னிரண்டு மாதம் வண்டி ஓட்டத் தடை. காப்புறுதி இல்லாமல் சாலை வரியையும் புதுப்பிக்க முடியாது. காயப்படுத்தியவர் காப்புறுதி இல்லாதவர், அல்லது நிற்காமல் ஓடிவிட்டவர் என்றால்கூட அடிபட்டவர் அநாதையாக நிற்கக்கூடாது என்பதற்காகக் காப்புறுதி நிறுவனங்கள் சேர்ந்து 1975-ல் ஒரு பொது அமைப்பையும் ஏற்படுத்தின. இந்தச் சட்டத்தின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. காரை வாங்கியவரைப் பற்றி அது கவலைப்படவில்லை. சாலையைக் கடக்கிற ஆளைப் பற்றித்தான் கவலைப்படுகிறது.

ஆக அண்ணன் கட்டுகிற தொகையில் ஒரு பங்கு வண்டியின் வயதோடு இறங்கவே இறங்காது. இறங்கவும் கூடாது.

இரண்டாவது, காகிதம். சிங்கப்பூரில் கார் வாங்குகிறவர் காரோடு ஒரு உரிமையையும் வாங்குகிறார். வாகன உரிமைச் சான்றிதழ், பேச்சில் சிஓஇ. 1990 மே மாதம் தொடங்கிய முறை இது. மாதம் இரண்டு முறை ஏலம் நடக்கும், ஏலத்தில் எடுத்த உரிமைக்கு ஆயுள் பத்து ஆண்டு. தீவு சிறியது, சாலையை நீட்டிக்கொண்டே போக முடியாது. 2018 பிப்ரவரியிலிருந்து கார்களின் வளர்ச்சி விகிதத்தையே பூச்சியமாக வைத்திருக்கிறார்கள். பொதுவாக ஒரு கார் வெளியே போனால்தான் இன்னொன்று உள்ளே வரலாம். அதனால் இந்தக் காகிதத்தின் விலை கார் விலையைவிட விசித்திரமாக ஏறி இறங்கும். 2008 நவம்பரில் சிறிய கார்களுக்கான சிஓஇ இரண்டு வெள்ளிக்கு விழுந்தது. இரண்டு வெள்ளி; இன்று ஒரு தே தாரிக் விலை. 2023 அக்டோபரில் அதே பிரிவு 1,06,000 வெள்ளியைத் தொட்டது.

பத்து ஆண்டு முடிந்ததும் இரண்டு வழி. வண்டியைப் பதிவிலிருந்து எடுத்துவிடலாம். அல்லது கடைசி மூன்று மாத ஏல விலைகளின் சராசரியைக் கட்டி இன்னும் பத்து ஆண்டு, அல்லது பாதி கட்டி ஐந்து ஆண்டு நீட்டிக்கலாம். ஐந்து ஆண்டு எடுத்தவருக்கு அதோடு முடிந்தது, மறுபடி நீட்டிக்க முடியாது. அண்ணன் 2024-ல் பத்து ஆண்டுக்கு நீட்டித்தார். அவர் கட்டியதைக் கணக்குக்கு வசதியாக 80,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காகிதம் ஆண்டுக்கு 8,000 வெள்ளி கரைகிறது. ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 22 வெள்ளி, கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும். இரண்டு ஆண்டு போய்விட்டது, மிச்சம் 64,000.

இங்கேதான் பலரும் கவனிக்காமல் விடுகிற ஒன்று இருக்கிறது. நான் அண்ணனிடம் ஒரு தாள் கைக்குட்டையை எடுத்து எழுதிக் காட்டியதும் இதைத்தான். அந்தக் காரை இன்று விற்றால் என்ன கிடைக்கும்? பேச்சுக்கு 70,000. அதில் 64,000 காகிதத்தின் விலை. இரும்பும் கண்ணாடியும் இருக்கையும் இன்ஜினும் சேர்ந்து 6,000 மட்டும். இப்போது கார் ஒரு விபத்தில் நொறுங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வண்டியைப் பதிவிலிருந்து எடுத்தால் மிச்சமிருக்கும் நாளுக்கான சிஓஇ தொகையை நிலப் போக்குவரத்து ஆணையம் திருப்பித் தருகிறது. காப்புறுதி எந்த வகை என்று ஆணையம் கேட்பதில்லை. அந்த 64,000 விபத்தில் நொறுங்குவதில்லை.

அப்படியென்றால் அண்ணன் தன் காரின் பொருட்டு உண்மையில் எதை இழக்க முடியும்? அதிகபட்சம் அந்த 6,000-ஐ. பழுதுபார்க்க 15,000 ஆகும் என்று பட்டறையில் சொன்னால், பார்க்காமல் பதிவை எடுத்துவிட்டு, அதே மாதிரி இன்னொரு பழைய கார் வாங்கிக்கொள்ளலாம். இழப்பு 6,000-த்தோடு நிற்கும். முழுமைக் காப்புறுதிக்கும், மூன்றாம் தரப்பு-தீ-திருட்டுக் காப்புறுதிக்கும் இடையில் நிறுவனம் கேட்கிற வித்தியாசத்தை அந்த 6,000-த்தோடு ஒப்பிட வேண்டும், 70,000-த்தோடு இல்லை. முழுமைக் காப்புறுதியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பல பாலிசிகளில் ‘சந்தை மதிப்பு’ என்ற சொல்லுக்குள் சிஓஇயின் மிச்சமும் அடக்கம். வண்டி முற்றாக அழிந்தால், ஆணையம் திருப்பித் தரும் தொகையைக் கழித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுப்பார்கள். பாலிசிக்குப் பாலிசி வாசகம் மாறும். வாங்குகிறவர் படிக்க வேண்டிய ஒரே பத்தி என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் அதைத்தான் காட்டுவேன்.

ஒரு விலக்கு. சிஓஇயைக் கடன் வாங்கி நீட்டித்தவருக்கு இந்தச் சுதந்திரம் பெரும்பாலும் கிடைக்காது. கடன் கொடுத்தவர் முழுமைக் காப்புறுதிதான் வேண்டும் என்பார். அண்ணன் தன் சேமிப்பிலிருந்து கட்டியவர்.

“சரி, ஆனா ஏன் விலை ஏறுது?” என்றார் அவர்.

அதற்குக் கொஞ்சம் தள்ளிப்போய்த்தான் வர வேண்டும். தேக்காவிலிருந்து எட்டு நிமிட நடையில் ரேஸ் கோர்ஸ் ரோடு. மீன் தலைக் கறிக்குப் பேர்போன இந்தச் சாலை வழியாகப் போகிற பலருக்கு இங்கே உண்மையாகவே குதிரைகள் ஓடின என்பது ஞாபகத்தில் இருக்காது. 1843-ல் ஃபேரர் பார்க் திடலில் முதல் பந்தயம் நடந்தது. 1933-ல் குதிரைகள் புக்கித் தீமாவுக்குப் போயின, 1999-ல் அங்கிருந்து கிராஞ்சிக்கு. 2024 அக்டோபர் 5-ஆம் தேதியோடு சிங்கப்பூரில் குதிரைப் பந்தயமே முடிந்துபோனது. இடையில், குதிரைகள் காலி செய்த புக்கித் தீமா திடலில் பல ஆண்டுகள் வரிசை வரிசையாகப் பழைய கார்களை வைத்து விற்றார்கள். அண்ணன் இந்தக் காரைத் தேடத் தொடங்கியதே அங்கேதான்.

காப்புறுதிக் கணக்கின் மிக அழகான சான்றும் குதிரையிடமிருந்துதான் வந்தது. 1898-ல் லதிஸ்லாவுஸ் போர்ட்கீவிச் என்ற புள்ளியியலாளர் ‘சிறு எண்களின் விதி’ என்ற சிறிய நூலை வெளியிட்டார். அதில் பிரஷ்ய ராணுவத்தில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் கணக்கு இருக்கிறது, 1875 முதல் 1894 வரை. அதில் பத்துப் படைப்பிரிவுகள், இருபது ஆண்டுகள் என்று எடுத்துக்கொண்டால் இருநூறு பதிவுகள். மொத்தம் 122 சாவுகள். 109 பதிவுகளில் ஒருவரும் சாகவில்லை. 65-ல் ஒருவர், 22-ல் இருவர், 3-ல் மூவர், ஒரே ஒரு பதிவில் நான்கு பேர். நான்கு பேர் செத்த பிரிவின் தளபதி மீது எல்லோருக்கும் சந்தேகம் வந்திருக்கும். ஆனால் யார் மீதும் குற்றமில்லை, எல்லாம் தற்செயல் என்று வைத்துக்கொண்டு பிரெஞ்சுக் கணிதர் புவாசோனின் சூத்திரத்தில் போட்டால் என்ன வருகிறது? யாரும் சாகாதவை 108.7. ஒருவர் 66.3. இருவர் 20.2. மூவர் 4.1. நால்வர் 0.6. மறுபடி ஒருமுறை அந்த இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தக் குதிரை எப்போது உதைக்கும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஆனால் இருபது ஆண்டில் எத்தனை உதை என்பது கைக்குள் அடங்கிவிடுகிறது.

இதன் வேர் இன்னும் பழையது. சுவிட்சர்லாந்தின் யாக்கோப் பெர்னூலி இருபது ஆண்டு யோசித்து நிறுவிய பேரெண் விதி, அவர் இறந்து எட்டு ஆண்டு கழித்து 1713-ல் அச்சில் வந்தது. நம் ஊர் மொய் நோட்டை வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். ஒரு வீட்டு விசேஷத்தில் ஊரே சேர்ந்து பணம் போடுகிறது, அடுத்த வீட்டு விசேஷத்தில் அது திரும்பிப் போகிறது. காப்புறுதியும் அந்தச் சேர்மானம்தான், ஆனால் விசேஷத்துக்குப் பதிலாக விபத்து. யார் வீட்டில் என்று முன்கூட்டித் தெரியாது. நூறு கார்க்காரர்கள் இருக்கிறார்கள், ஆண்டுக்குப் பத்தில் ஒருவருக்கு விபத்து என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேர் பணம் கேட்டு வருவார்கள் என்று எதிர்பார்க்கலாம், ஆனால் அது ஏழாகவும் இருக்கலாம், பதிமூன்றாகவும் இருக்கலாம். முப்பது விழுக்காடு ஆட்டம். பத்தாயிரம் பேர் என்றால் ஆயிரம், முப்பது கூடக் குறைய. ஆட்டம் மூன்று விழுக்காடுதான். கூட்டம் நூறு மடங்கு பெருகினால் நிச்சயமின்மை பத்தில் ஒன்றாகச் சுருங்குகிறது. முன்பின் தெரியாத பத்தாயிரம் பேர் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

பழைய காரின் சங்கடம் இங்கே தொடங்குகிறது. பத்து வயது தாண்டிய கார்களின் கூட்டம் சிறியது. அதிலும் ஒவ்வொரு மாடலும் கைவிரல் விட்டு எண்ணும் அளவு. கூட்டம் சிறுத்தால் ஆட்டம் பெருக்கிறது, ஆட்டம் பெருத்தால் நிறுவனம் தன் பாதுகாப்புக்குக் கொஞ்சம் சேர்த்துக் கேட்கிறது. பம்பரின் விலையும், விளக்கின் விலையும், டிங்கரிங் கூலியும் வண்டிக்கு வயதானதால் குறைவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சில உதிரிபாகங்கள் கிடைக்காமல்கூடப் போகும்.

இன்னொரு காரணத்தை ஜார்ஜ் அகர்லோஃப் கண்டுபிடித்தார். அமெரிக்கப் பேச்சுவழக்கில் உள்ளே கோளாறுள்ள பழைய காரை எலுமிச்சை என்பார்கள். நாம் புது வண்டி எடுத்தால் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுகிறோம். அவர்களுக்கு அதே கனி கெட்ட காரின் பெயர். அகர்லோஃப் எழுதிய ‘எலுமிச்சைகளின் சந்தை’ கட்டுரையை மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின. 1970-ல் நான்காவது இதழ் வெளியிட்டது. 2001-ல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அவர் சொன்னதைச் சுருக்கினால்: காரின் உண்மை நிலை விற்கிறவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. எனவே வாங்குகிறவர் சராசரி விலைதான் கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் விற்கமாட்டார், ஒதுங்கிவிடுவார். சந்தையில் மோசமானவை மிஞ்சும், சராசரி இன்னும் கீழே போகும், அடுத்த நல்லவரும் ஒதுங்குவார்.

காப்புறுதியிலும் அப்படியே. பன்னிரண்டு வயதுக் காருக்கு முழுமைக் காப்புறுதி தேடி வருகிறவர் யார்? காரைக் கண்ணாகப் பார்த்துக்கொள்கிறவரா, எப்போது நின்றுவிடுமோ என்று பயப்படுகிறவரா? நிறுவனத்துக்குத் தெரியாது. அதனால் சில நிறுவனங்கள் விலையை ஏற்றுகின்றன, சில கதவையே சாத்திவிடுகின்றன. ஒரே காருக்கு நான்கு நிறுவனங்கள் நான்கு விலை சொல்வது, அவரவர் கையில் இருக்கும் பழைய கார்களின் கூட்டம் வேறு, அவரவர் அனுபவம் வேறு என்பதால். ஆகவே ஒன்றிடம் கேட்டுவிட்டு நிறுத்தக்கூடாது. சிங்கப்பூரில் பழைய கார் வாங்குகிறவருக்கு இந்த இருட்டைக் கொஞ்சம் விலக்கியது 2012 செப்டம்பர் 1-ல் நடப்புக்கு வந்த சட்டம். பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால் அது ஆரம்பத்திலிருந்தே இருந்ததாகக் கொள்ளப்படும். அதற்கும் இங்கே எலுமிச்சைச் சட்டம் என்றுதான் பெயர்.

நல்ல ஓட்டுநரை அடையாளம் காட்ட இருக்கும் ஒரே பழைய சாதனம் என்சிடி, அதாவது இழப்பீடு கேட்காதவருக்கான கழிவு. ஆண்டு முழுக்க இழப்பீடு கேட்காதவருக்குப் பத்து விழுக்காடு கழிவு, ஐந்து ஆண்டு கேட்காதவருக்கு ஐம்பது. இதில் நியாயம் இருக்கிறதா? பிரஷ்யக் குதிரைகளின் கணக்குப்படி பார்த்தால் விபத்தில்லாத ஆண்டு வெறும் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாமே. 1920-ல் கிரீன்வுட், யூல் என்ற இரண்டு பிரிட்டிஷ் புள்ளியியலாளர்கள் வெடிமருந்துத் தொழிற்சாலைப் பெண்களின் விபத்துக் கணக்கை ஆராய்ந்தபோது, தற்செயலை மட்டும் வைத்து அதை விளக்க முடியவில்லை. ஆளுக்கு ஆள் அபாயம் வேறுபடுகிறது என்று வைத்தால் பொருந்தி வந்தது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு நிதானமான ஓட்டுநர்கள், ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு. நூறு அவசரக்காரர்கள், நான்கில் ஒரு பங்கு. ஐந்து ஆண்டு கழித்து ஒரு கீறலும் இல்லாமல் நிற்பவர்கள் முதல் கூட்டத்தில் 59 பேர், இரண்டாவதில் 24 பேர். சுத்தமான 83 பேரில் பத்துக்கு ஏழு பேர் நிதானமானவர்கள். ஐந்து ஆண்டு மௌனம் அவ்வளவு சொல்கிறது. ஒரே ஆண்டு மௌனம் மிகக் கொஞ்சம்தான் சொல்லும், அதனால்தான் ஐம்பதுக்கு ஐந்து படி.

இதிலிருந்து பழைய கார்க்காரருக்கு ஒரு நேரடிக் கணக்கு வருகிறது. அடிப்படைத் தொகை 2,000 என்றால் ஐம்பது விழுக்காட்டுக் கழிவோடு 1,000 கட்டுகிறார். ஒரு தடவை இழப்பீடு கேட்டால் ஐம்பது இருபதாக இறங்கும். அடுத்த ஆண்டு 1,600, அதற்கடுத்து 1,400, பிறகு 1,200, நான்காம் ஆண்டுதான் மறுபடி 1,000. கூடுதலாகப் போனது மொத்தம் 1,200. முதலில் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய எக்ஸஸ் 600 என்றால் 1,800. தூணில் இடித்து 900 வெள்ளிக்கு வேலை வந்தால் கைக்காசைப் போட்டுப் பார்த்துக்கொள்வதுதான் மலிவு. ஆனால் இன்னொரு வாகனத்தோடு உரசினால் எவ்வளவு சிறிய கீறலானாலும் 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் நிறுவனத்திடம் தெரிவித்தாக வேண்டும். தெரிவிப்பது வேறு, இழப்பீடு கேட்பது வேறு. தெரிவிக்காமல் விட்டால் கழிவு குறையலாம். எதிராளி மூன்று மாதம் கழித்துக் கழுத்து வலி என்று வந்தால் நிலைமை இன்னும் மோசம்.

உளுத்துப்போகும் மூன்றாவது பகுதியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் எழுதியது முழுதாகாது. போன ஆண்டு அண்ணனோடு காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். அங்கிருந்த சீன அங்கிள் ஒரு ஊசிக்குழலால் பிரேக் எண்ணெய்த் தொட்டியிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி ஒரு கண்ணாடிக் குப்பியில் விட்டார். பக்கத்தில் புது எண்ணெயை வேறு குப்பியில் ஊற்றி வைத்தார். புதியது மெல்லிய தேன் நிறம். பழையது கோப்பி-ஓ, பால் விடாத காப்பி நிறம். நிறத்தைவிட முக்கியமானது, நிறத்தில் தெரியாத தண்ணீர். பிரேக் எண்ணெய்க்குக் காற்றின் ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. சிங்கப்பூர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. டாட் 4 வகைப் புது எண்ணெய் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறிய எண்ணெய்க்கு அந்த எல்லை 155-தான். மலேசியாவின் கெந்திங் மலையிலிருந்து பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் சக்கரத்தடியில் சூடு ஏறி எண்ணெய் கொதிக்கும், குழாயில் ஆவிக்குமிழி உண்டாகும். ஆவி அழுத்தினால் சுருங்கிக்கொடுக்கும். கால் தரையைத் தொடும், கார் நிற்காது.

பத்து வயது தாண்டிய கார்கள் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டும். அதற்கு முன் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான். உருளைகளின் மேல் சக்கரத்தை ஏற்றிப் பிரேக்கை அளப்பார்கள். அவசியமான சோதனை. ஆனால் அங்கே அளப்பது ஆறியிருக்கும் பிரேக்கை. பிரேக் எண்ணெயை மாற்ற ஆகும் செலவு, காப்புறுதிக்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

ஈரம் செய்த இன்னொரு கொடுமை உலகறிந்தது. ஜப்பானின் டக்காட்டா நிறுவனம் தன் காற்றுப்பைகளை ஊதவைக்க அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. விபத்து நடந்த கணத்தில், முப்பது மில்லிவினாடிக்குள், அந்த வேதிப்பொருள் எரிந்து வாயுவாகிப் பையை விரிக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் வெயிலும் ஈரமும் மாறி மாறிப் பட்டதில் அந்த வேதிப்பொருளின் வில்லைகள் பொரிந்து தூளாகின. தூள் கட்டியைவிட வேகமாக எரியும். அழுத்தம் தாங்காமல் உலோகக் குடுவையே வெடித்து, காப்பாற்ற வந்த பையிலிருந்து இரும்புத் துண்டுகள் ஓட்டுநரின் மேல் பாய்ந்தன. வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் ஆபத்து அதிகம். 2014-ல் பக்கத்து மலேசியாவிலேயே இதனால் உயிர்ச்சேதம் ஏற்பட்டது. கார் வரலாற்றின் மிகப் பெரிய திரும்பப்பெறும் நடவடிக்கை அது. 2017-ல் நிறுவனம் திவாலானது. குடுவையை மாற்றிக்கொடுக்கக் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் கைமாறிக் கைமாறி வந்த பழைய கார்களின் இப்போதைய உரிமையாளரைக் கடிதம் தேடிக் கண்டுபிடிப்பதில்லை. சேசிஸ் எண்ணைக் கொடுத்து அந்தக் கார் நிறுவனத்திடம் கேட்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

வழக்கமான எந்தக் கார்க் காப்புறுதியும் இந்த மூன்றாவது பகுதிக்குப் பணம் தருவதில்லை. தேய்மானம், துரு, இயந்திரக் கோளாறு எல்லாம் பாலிசியில் விலக்குகளின் பட்டியலில் இருக்கும். முழுமைக் காப்புறுதி என்ற பெயரைக் கேட்டு இவையும் அதில் அடக்கம் என்று நம்பிக்கொண்டிருக்கும் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். அந்த ஏமாற்றம் எப்போதும் இழுவை வண்டிக்காகக் காத்துக்கொண்டு நெடுஞ்சாலையோரம் நிற்கும்போதுதான் வருகிறது. தைப்பூசத்துக்குப் பத்துமலை போகிறவர்கள், மேற்கு மலேசியாவில் வண்டி நின்றால் இழுத்து வர எவ்வளவு தூரம் வரை பணம் தருவார்கள் என்பதை எல்லை தாண்டும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

அண்ணன் தாள் கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். முழுமைக் காப்புறுதிக்கும் மூன்றாம் தரப்பு-தீ-திருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விரலால் கணக்கிட்டார். நிறுவனம் சொல்லும் பட்டறைக்குத்தான் போக வேண்டும் என்ற நிபந்தனைக்குச் சம்மதித்தால் முழுமைக் காப்புறுதியே கொஞ்சம் இறங்கும். ஆனால் காக்கி புக்கிட் அங்கிளை விட அவருக்கு மனமில்லை. ஆண்டுக்கு ஓடும் தூரம் குறைவு என்றால் தூரத்துக்கேற்ற கட்டணம் வாங்கும் திட்டங்களும் இருக்கின்றன. ஓய்வு பெற்றவருக்கு அது பொருந்தலாம். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு கைப்பேசியை எடுத்து ஒரு முகவரை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

“தம்பி, விலை பாத்துட்டேன். ஒன்னே ஒன்னு கேக்கணும். வண்டி டோட்டல் லாஸ் ஆயிட்டா, அந்த சிஓஇ காசு எனக்கா, உங்களுக்கா?”

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. “இருங்க சார், பாலிசியைப் பாத்துட்டுச் சொல்றேன்” என்றது குரல். பக்கங்கள் புரளும் ஓசை கேட்டது. அண்ணன் தே தாரிக்கின் கடைசி வாயைக் குடித்துவிட்டுக் கைப்பேசியை என் பக்கமாகத் தள்ளி வைத்தார், நானும் கேட்கட்டும் என்று.